ஒரு பெருநகரத்தை மறுபடியும் வரைவது: சிகாகோவின் 1909 திட்டம்

சிகாகோ என்றதும் நம்மில் பலருக்கு விவேகானந்தர்தான் நினைவுக்கு வருவார். 1893 செப்டம்பர் 11 அன்று அவர் பேசிய சர்வ சமயப் பேரவை, அந்த ஆண்டு சிகாகோவில் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சியையொட்டிக் கூட்டப்பட்டது. அந்தக் கண்காட்சி வளாகத்தைக் கட்டி முடிக்கும் பொறுப்பு டேனியல் பர்ன்ஹாம் என்ற கட்டடக்கலைஞரிடம் இருந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1909-இல், அதே பர்ன்ஹாம் சிகாகோ நகரம் முழுவதையும் மாற்றியமைக்க ஒரு திட்டத்தைத் தந்தார். நகரத் திட்டமிடல் படிக்கிற மாணவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கிற திட்டம் இது. ‘மாஸ்டர் பிளான்’ என்று இன்று செய்தித்தாள்களில் அடிபடுகிற விஷயம் எப்படிப் பிறக்கிறது, எப்படி நடக்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

வீடு கட்டப் போகிறவர் இன்ஜினியரிடம் பிளான் போடச் சொல்கிறார். மனை அவருடையது, பணம் அவருடையது, குடியேறப் போவதும் அவரே. நகரத்துக்குப் பிளான் போடுகிறவர் நிலைமை வேறு. அவர் கோடு இழுக்கிற இடத்தில் ஏற்கெனவே யாரோ கடை வைத்திருக்கிறார்கள், யாரோ குடியிருக்கிறார்கள், ரயில் கம்பெனி தண்டவாளம் போட்டிருக்கிறது. வரைகிறவருக்கு அங்கே ஒரு சென்ட் நிலமும் சொந்தமில்லை. ஆகவே நகரத் திட்டத்தில் வரைபடம் பாதி வேலைதான். ஊர் சம்மதிக்க வேண்டும், பணம் தர வேண்டும், சட்டம் வழிவிட வேண்டும். இதெல்லாம் மீதிப் பாதி. சிகாகோ திட்டத்தைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியின் அழகிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ இரண்டாம் பாதிதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

அவசரமாக வளர்ந்த ஊர்

1840-இல் சிகாகோவின் மக்கள்தொகை ஐயாயிரம்கூட இல்லை. 1890-இல் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. 1910 கணக்கெடுப்பில் சுமார் 22 லட்சம். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் ஒரு சிற்றூர், அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரமாகிவிட்டது. அது அமைந்த இடம்தான் காரணம். கிழக்கே மிச்சிகன் ஏரி. பெயர்தான் ஏரி, மறுகரை கண்ணுக்குத் தெரியாது. மேற்கே கோதுமையும் சோளமும் மாடும் பன்றியும் பெருகிய பரந்த சமவெளி. இரண்டுக்கும் நடுவில் இருந்த இந்த ஊருக்கு நாட்டின் ரயில் பாதைகளெல்லாம் வந்து சேர்ந்தன.

1871 அக்டோபரில் பெருந்தீ. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். எரிந்த கட்டடங்களின் இடிபாடுகளை எங்கே கொட்டுவது? ஏரிக்கரையோரமாகத் தண்ணீரில் கொட்டினார்கள். கரைக்கும், கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் தூண்கள் மேல் போயிருந்த ரயில் பாதைக்கும் இடையில் இருந்த பகுதி தூர்ந்து நிலமானது. இன்று உலகம் முழுவதும் படங்களில் பார்க்கிற கிரான்ட் பார்க்கின் அடியில் அந்தத் தீயின் சாம்பலும் செங்கல்லும் கிடக்கின்றன. இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள். குப்பையைக் கொட்டி நிலம் உண்டாக்கலாம் என்ற பாடத்தை அந்த ஊர் மறக்கவில்லை.

தீக்குப் பிறகு ஊரை வேகமாகத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் பழைய தெருக்கள் அப்படியே இருந்தன. சதுரங்கப் பலகை போல நேர் நேரான தெருக்கள். நிலத்தைத் துண்டு போட்டு விற்க அது வசதி. மூலைக்கு மூலை போக வேண்டுமானால் சுற்றித்தான் போக வேண்டும். நகர மையத்தில் ஆறு பெரிய ரயில் முனையங்கள், வெவ்வேறு கம்பெனிகளுக்குச் சொந்தம். ஒரு ரயிலில் வந்து இன்னொரு ரயில் பிடிக்கிற பயணி, மூட்டை முடிச்சுகளோடு நெரிசலான தெருக்களைக் கடந்து இன்னொரு முனையத்துக்கு ஓட வேண்டும். ஏரிக்கரையைத் தண்டவாளங்கள் அடைத்திருந்தன. ஆற்றில் போன கழிவு, குடிநீர் எடுக்கிற அதே ஏரியில் கலந்தது. அந்த ஒன்றை மட்டும் 1900-இல் சரிசெய்தார்கள்: பெரிய கால்வாய் வெட்டி, ஆற்றையே எதிர்த்திசையில் ஓட வைத்தார்கள். ஆற்றையே திருப்புகிற துணிச்சல் இருந்த ஊர் அது.

கண்காட்சியில் கண்ட நகரம்

பர்ன்ஹாமுக்கு முறையான கட்டடக்கலைப் படிப்பு கிடையாது. ஹார்வர்ட், யேல் இரண்டின் நுழைவுத் தேர்விலும் தோற்றவர். நெவாடாவில் தங்கம் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியவர். பிறகு சிகாகோவில் ஜான் வெல்போர்ன் ரூட் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, உயரமான அலுவலகக் கட்டடங்களில் பெயர் வாங்கினார். 1891 தொடக்கத்தில், கண்காட்சி வேலை சூடுபிடிக்கிற நேரத்தில், ரூட் திடீரென இறந்துபோனார். பர்ன்ஹாம் தனியாகத் தோள்கொடுத்து அதை முடித்தார்.

ஜாக்சன் பார்க் என்ற சதுப்பு நிலத்தில், நீர்த் தடாகத்தைச் சுற்றி, கார்னிஸ் என்கிற கூரையோர விளிம்பு ஒரே உயரத்தில் அமைந்த, வெள்ளை வெளேரென்ற கட்டடங்கள். ‘வெண்ணகரம்’ என்றே மக்கள் அழைத்தார்கள். பெரும்பாலானவை சில மாதங்கள் நிற்பதற்காகச் சுண்ணச்சாந்து கலவையில் பூசிய தற்காலிகக் கட்டடங்கள்தான். ஆனால் கரி படிந்த தெருக்களில் பிழைத்தவர்கள் அங்கே முதல்முறையாக ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தார்கள்: பல கட்டடங்களை ஒரே எண்ணத்தில் சேர்த்து நிறுத்தினால், இடையில் தண்ணீரும் வெளியும் விட்டால், சுத்தமாக வைத்தால், ஊர் இப்படியும் இருக்கலாம். ஆறு மாதத்தில் சுமார் 2 கோடியே 70 லட்சம் வருகைகள் பதிவாயின. இதிலிருந்து பிறந்த எண்ண ஓட்டத்தை ‘அழகிய நகர இயக்கம்’ என்பார்கள். அகலமான சாலைகள், அவற்றின் முடிவில் கண்ணை நிறுத்துகிற ஒரு பெரிய கட்டடம், பூங்காக்கள், ஒரே சீரான முகப்புகள். பாரிஸில் 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்ற அதிகாரி வெட்டிய பெருஞ்சாலைகள்தான் அதற்கு முன்மாதிரி.

அப்புறம் பர்ன்ஹாமை ஊர் ஊராக அழைத்தார்கள். வாஷிங்டன், கிளீவ்லாந்து, அமெரிக்க ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸின் மணிலா, பாகியோ. 1905-இல் சான்பிரான்சிஸ்கோவுக்கும் ஒரு திட்டம் கொடுத்தார். 1906 ஏப்ரலில் அங்கே நிலநடுக்கமும் தீயும் ஊரைத் தரைமட்டமாக்கின. கையில் திட்டம் தயார், எதிரே வெட்டவெளி. நடந்திருக்க வேண்டும்தானே? நடக்கவில்லை. நில உரிமையாளர்கள் பழைய எல்லைக் கோடுகளிலேயே அவசரமாகக் கட்டிக்கொண்டார்கள். கட்டடம் எரிந்தாலும் பத்திரம் எரிவதில்லை. நகரத் திட்டத்தில் புதிதாக நுழைகிறவர் முதலில் உணர வேண்டிய உண்மை இதுதான் என்பேன்.

திட்டத்தில் என்ன இருந்தது?

சிகாகோ திட்டத்தை அரசாங்கம் கேட்கவில்லை. ஊரின் வணிகர்கள் கேட்டார்கள். 1906-இல் மெர்ச்சன்ட்ஸ் கிளப் இந்த வேலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது கமர்ஷியல் கிளப்போடு இணைந்தது. பர்ன்ஹாம் தன் உழைப்புக்குச் சம்பளம் வாங்கவில்லை. பாரிஸில் படித்த எட்வர்ட் பென்னெட் அவருக்குத் துணையாசிரியர். 1909 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, நூல் வெளியானது. அச்சிட்டது 1,650 பிரதிகள்தான். பெரிய அளவில், கனமாக, பரிசளிக்கிற புத்தகம் போல இருந்தது.

அதன் பலம் படங்களில் இருந்தது. ஜூல்ஸ் கெரின் என்ற ஓவியர் வரைந்த நீர்வண்ணப் படங்கள். பறவையின் கண்ணில் இருந்து பார்ப்பதுபோல் முழு நகரமும் விரிகிறது. மாலை வெளிச்சத்தில் ஏரி ஊதாவாக மின்னுகிறது. தெருக்களின் கோடுகள் அடிவானம் வரை ஓடுகின்றன. நடுவில் எல்லாக் கட்டடங்களையும் அமுக்கிக்கொண்டு ஒரு பிரம்மாண்டமான குவிமாடம். உயரமான கட்டடங்களால் புகழ்பெற்ற ஒருவருடைய திட்டத்தில், தெருவுக்குத் தெரு ஒரே உயரக் கட்டடங்கள், ஓர் அடுக்குமாடிக் கோபுரம்கூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. புகையும் இல்லை, குப்பையும் இல்லை. நூலைப் புரட்டிய வியாபாரிக்கு எண்களும் வாதங்களும் மறந்துபோயிருக்கலாம். அந்த ஊதா ஏரி மறந்திருக்காது.

படத்தை விட்டுச் செய்திக்கு வருவோம். முதலாவதாக ஏரிக்கரை. ‘ஏரிக்கரை உரிமைப்படி மக்களுக்குச் சொந்தம்’ என்று நூல் நேரடியாகச் சொன்னது. நகரம் தினமும் வெளியேற்றும் சாம்பல், தோண்டிய மண், இடிபாடு இவற்றையே ஏரியில் நிரப்பி, கரை நெடுகப் பூங்காவும், சற்றுத் தள்ளித் தீவுகளும், நடுவில் படகு ஓடும் நீர்ப்பரப்பும் உண்டாக்கலாம் என்றது. எப்படியும் எங்கோ கொட்டப் போகிற மண், அதை இங்கே கொட்டு. நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டாம், யாரையும் காலி செய்யச் சொல்லவும் வேண்டாம். திட்டத்தின் எல்லாப் பகுதிகளிலும் இதுவே மிகக் கெட்டிக்காரத்தனமானது என்று நினைக்கிறேன். அதிகமாக நிறைவேறியதும் இதுதான்.

இரண்டாவதாக, சாலைகள். நகர எல்லையோடு நிற்காமல், மையத்திலிருந்து 60 மைல் தூரம் வரை அரைவட்டமாகச் சுற்றிவரும் நெடுஞ்சாலைகளை வரைந்தார்கள். கார் பணக்காரரின் பொழுதுபோக்காக இருந்த காலத்தில், ஒரு நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களோடு சேர்த்து ஒரே பிராந்தியமாகப் பார்த்தது புதுமை. ஊருக்குள் சதுரக் கட்டங்களைக் குறுக்கே வெட்டும் மூலைவிட்டச் சாலைகள். அப்புறம் ரயில்: சரக்கு நிலையங்களை ஊருக்கு வெளியே தள்ளுவது, பயணிகள் முனையங்களை ஒழுங்குபடுத்துவது. வெளிவட்டத்தில் காடுகளைப் பாதுகாப்பது. இந்த யோசனைக்காகப் பர்ன்ஹாமுக்கு முன்பே கட்டடக்கலைஞர் டுவைட் பெர்கின்ஸ், பூங்கா வடிவமைப்பாளர் யென்ஸ் யென்சென் போன்றவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள், நூல் அதற்கு வலுச் சேர்த்தது. கடைசியாக, காங்கிரஸ் தெருவும் ஹால்ஸ்டெட் தெருவும் சேரும் இடத்தில் அந்தக் குவிமாடத்தோடு கூடிய அரசு மையம். எல்லாச் சாலைகளும் அங்கே வந்து கூட வேண்டும்.

காகிதம் எப்படித் தெருவானது?

1909 நவம்பரில் மேயர் ஃபிரெட் பஸ்ஸி ஒரு திட்டக் குழுவை நியமித்தார். உறுப்பினர்கள் 328 பேர். இத்தனை பேரை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தவா முடியும் என்று தோன்றும். நோக்கம் வேறு: ஊரின் ஒவ்வொரு தரப்பிலும் நாலு பேரை உள்ளே இழுத்துவிட்டால், வெளியே நின்று எதிர்க்க ஆள் குறைவு. தலைவர் சார்ல்ஸ் வேக்கர், பீர் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் குழுவுக்கு எதையும் கட்டும் அதிகாரம் கிடையாது. ஆலோசனை சொல்லலாம், பேசலாம், அவ்வளவுதான்.

பேசுவதற்கென்றே வால்டர் மூடி என்பவரை அமர்த்தினார்கள். விற்பனைக் கலையில் தேர்ந்தவர். ஒரு நகரத் திட்டத்தையும் விற்கத்தான் வேண்டும் என்று வெளிப்படையாக நம்பியவர். முதலில் ஒரு சிறு நூலை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் அச்சிட்டு இலவசமாக அனுப்பினார். சொத்துள்ளவர்களுக்கும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாடகை கட்டுபவர்களுக்கும்தான் அது போனது. யார் கையில் வாக்கும் பணமும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூடவே ஸ்லைடு படக் காட்சிகள், ஒரு குறும்படம். 1919-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டியதாக பைபிள் சொல்லும் நெகேமியாவை முன்வைத்து நகரத் திட்டம் பற்றிப் பிரசங்கம் செய்யும்படி தேவாலயங்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

இவற்றுள் எல்லாம் ஆழமான வேலை பள்ளிக்கூடத்தில் நடந்தது. 1911-இல் மூடி எழுதிய ‘வேக்கர் கையேடு’ எட்டாம் வகுப்புப் பாடநூலானது. சிகாகோவின் வரலாறு, பாரிஸ் எப்படி மாறியது, நம் ஊருக்கு என்ன திட்டம் என்று படங்களோடு பாடங்கள், பாட முடிவில் கேள்விகள். ஏன் எட்டாம் வகுப்பு? அதோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் அப்போது ஏராளம். கையில் பிடிக்கக் கடைசி வாய்ப்பு அது. பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாடத்தைச் சொன்னால் பெற்றோரும் கேட்பார்கள். பத்து ஆண்டில் அந்தப் பிள்ளையே வாக்காளர். ஒரு தலைமுறை முழுக்கத் தன் ஊரின் வருங்கால வரைபடத்தைப் பாடமாகப் படித்து வளர்ந்தது. இதைப் பிரச்சாரம் என்று ஒதுக்கலாம், பிரச்சாரம்தான். ஆனாலும் ஊரில் என்ன வரப்போகிறது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி உட்கார்ந்து எழுதினார்கள் என்பது எனக்கு மரியாதைக்குரிய காரியமாகவே படுகிறது.

ஏன் வாக்காளர் சம்மதம் இவ்வளவு முக்கியம்? பணம். மாநகராட்சி பெரிய வேலைக்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அதற்கு மக்கள் வாக்களித்து அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக வாக்குச்சீட்டு. 1912 முதல் 1931 வரை இந்தத் திட்டத்தின் வேலைகளுக்காகச் சிகாகோ மக்கள் ஒப்புக்கொடுத்த கடன் பத்திரங்கள் 86. மொத்தத் தொகை சுமார் 23 கோடியே 40 லட்சம் டாலர். இன்னொரு வழியும் இருந்தது: ஒரு சாலையை அகலப்படுத்தினால் அதன் ஓரத்து மனைகளின் மதிப்பு உயரும் அல்லவா? அந்த ஆதாயத்தில் ஒரு பங்கை அந்த உரிமையாளர்களிடமே முன்கூட்டி வசூலித்தார்கள். இயல்பாகவே வழக்குகள் குவிந்தன.

மிச்சிகன் அவென்யூவைப் பாருங்கள். நகர மையத்தின் முக்கியத் தெரு ஆற்றுப் பக்கம் போகப் போகக் குறுகி, வண்டியெல்லாம் ரஷ் தெருப் பாலத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அக்கரையில் பைன் தெரு என்ற ஒடுங்கிய தெரு. திட்டம் இரண்டையும் ஒரே அகலச் சாலையாக்கி, நடுவில் இரண்டடுக்குப் பாலம் போடச் சொன்னது. நில எடுப்பும் வழக்கும் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. 1920 மே மாதம் பாலம் திறந்தது: மேல் தட்டில் கார்கள், கீழ்த் தட்டில் சரக்கு வண்டிகள், கப்பல் வந்தால் நடுவில் பிளந்து மேலே எழும்பும். அடுத்த ஐந்தாண்டுக்குள் அதன் வட கரையில் ரிக்லி கட்டடமும் டிரிப்யூன் கோபுரமும் எழுந்துவிட்டன.

தெற்கு வாட்டர் தெருவில் நிலைமை இன்னும் கடினம். ஆற்றங்கரையை ஒட்டிய மொத்த வியாபாரச் சந்தை அது. பழம், காய்கறி, முட்டை, வெண்ணெய், கூண்டில் கோழி. நடைபாதை முழுக்கக் கூடைகள், தெரு முழுக்கக் குதிரை வண்டிகள். நூற்றுக்கணக்கான வியாபாரிகளுக்கு அதுவே பிழைப்பு. சந்தையை 1925-இல் தென்மேற்கே புதிய இடத்துக்கு மாற்றினார்கள். பழைய தெரு இடிக்கப்பட்டு, 1926-இல் ஆற்றோரமாக இரண்டடுக்குச் சாலை வந்தது. அதற்கு வேக்கரின் பெயரையே வைத்தார்கள். பர்ன்ஹாம் அதைப் பார்க்கவில்லை. 1912-இலேயே ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இறந்துவிட்டார்.

ஒரு வணிகர் போட்ட தடை

ஏரிக்கரை மக்களுக்கே என்று சொன்ன திட்டத்தை, அதே காரணத்தைச் சொல்லி ஒருவர் தடுத்தார். தபால் வழி வியாபாரத்தில் பெரும் செல்வரான மான்ட்கோமரி வார்ட். அவர் அலுவலகம் மிச்சிகன் அவென்யூவில் இருந்தது. எதிரே ஏரிக்கரையில் குப்பைமேடும் கொட்டகைகளும் தெரிந்தன. 1836-இல் அந்த நிலத்தின் வரைபடத்தில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது: இது பொது நிலம், கட்டடமோ வேறு தடையோ இன்றி என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும். வார்ட் அதைப் பிடித்துக்கொண்டு 1890-இல் வழக்குத் தொடுத்தார். இருபது ஆண்டுகள் நடத்தினார்.

பர்ன்ஹாமின் படத்தில் கிரான்ட் பார்க்கின் நட்டநடுவில் ஃபீல்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. கடை முதலாளி மார்ஷல் ஃபீல்ட் அதற்காக 80 லட்சம் டாலர் உயில் எழுதிவைத்திருந்தார். தான் இறந்து ஆறு ஆண்டுக்குள் இலவசமாக இடம் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஊரே ஆவலோடு காத்திருந்தது. வார்ட் மறுத்தார், நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பத்திரிகைகள் அவரைத் திட்டித் தீர்த்தன. கடைசியில் அருங்காட்சியகம் பூங்காவுக்குத் தெற்கே, ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்துக்குப் போய், 1921-இல் திறந்தது. பூங்காவின் ஏரிப் பக்கம் வெட்டவெளியாகவே தப்பித்தது. விதிவிலக்காக நின்றது ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடம், விவேகானந்தர் பேசிய அதே கட்டடம். இந்த வழக்கில் நான் வார்ட் பக்கம்தான். திட்டத்தின் நோக்கத்தைத் திட்டம் போட்டவரைவிட அவர் கறாராகக் காப்பாற்றினார்.

இன்று சிகாகோவின் சுமார் 29 மைல் ஏரிக்கரையில் நான்கு மைல் தவிர மற்றதெல்லாம் பொதுப் பூங்கா. வரைந்த தீவுகளில் ஒன்றுதான் உருவானது, நார்தர்லி ஐலண்ட். அது பின்னர் ஒரு சிறு விமான நிலையமாகி, 2003-க்குப் பிறகு பூங்காவானது. வெளிவட்டக் காடுகளுக்கு 1914-இல் மக்கள் வாக்களித்தார்கள். இன்று சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) கிட்டத்தட்ட 70,000 ஏக்கர். மூலைவிட்டச் சாலைகளில் ஆக்டன் அவென்யூவின் நீட்சியைத் தவிரச் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை, அந்த நீட்சியையும் பின்னாளில் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். கட்டடங்கள் நிறைந்த ஊருக்குள் சாய்கோடு போட எவ்வளவு செலவாகும் என்பது வரையும்போது தெரியாது. ரயில் முனையங்களில் 1925-இல் யூனியன் ஸ்டேஷன் வந்தது. மற்றக் கம்பெனிகள் அசையவில்லை.

வரையாமல் விட்டது

பர்ன்ஹாம் அரசு மையம் என்று குறித்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே ஹால்ஸ்டெட் தெருவில், சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லம் இருந்தது. இத்தாலியர், கிரேக்கர், யூதர் எனக் குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. குழந்தைக் காப்பகம், மாலை வகுப்பு, சுகாதாரக் கணக்கெடுப்பு என ஹல் ஹவுஸ் அங்கே அன்றாடம் உழைத்தது. பர்ன்ஹாமின் திட்டம் இந்தப் பகுதிக்கு என்ன மருந்து சொன்னது? நெரிசலின் குறுக்கே அகலமான சாலைகளை வெட்டுவதும், சுகாதார விதிகளைக் கறாராக அமல்படுத்துவதும். லண்டன் போல நகராட்சியே வீடு கட்டித் தர வேண்டிய நிலை சிகாகோவுக்கு இன்னும் வரவில்லை, கவனிக்காவிட்டால் வரலாம் என்று ஒரு வரி. அவ்வளவே. பர்ன்ஹாம் கைப்பட எழுதிய வரைவுகளில் குழந்தைக் காப்பகம், மருத்துவமனை பற்றியெல்லாம் இன்னும் விரிவாக இருந்தது. அச்சான நூலில் அவற்றில் பெரும்பகுதி இல்லை. பணம் கொடுத்தவர்களின் அக்கறை போக்குவரத்திலும் வணிகத்திலும் இருந்தது, நூலும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஏரிக்கரை எல்லாருக்கும் சொந்தம் என்ற வரியையும் ஊர் ஒரு நாள் கொடூரமாகச் சோதித்தது. 1919 ஜூலை 27, கடும் வெயில். கறுப்பினச் சிறுவர்கள் சிலர் மிதந்துகொண்டிருந்த பலகை, கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையைத் தாண்டி வெள்ளையர் குளிக்கும் பகுதிக்குள் போனது. கரையிலிருந்து ஒருவர் கல்லெறிந்தார், ஒரு சிறுவன் மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் உயிரிழந்தார்கள். எந்த வரைபடத்திலும் அந்த எல்லைக்கோடு இல்லை. அதை அழிக்கவும் எந்தத் திட்டமும் இல்லை.

அதே காலத்தில் நகரத்தை வேறு விதமாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914-15-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். நெரிசலைப் போக்க நேர்கோட்டுச் சாலை வெட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பாழடைந்த ஒரு சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, கிடைக்கும் இடத்தில் மரம் வைத்துச் சிறு வெளிகளாக விட்டால், குறைந்த செலவில், குறைந்த பேரை நகர்த்தி, காற்றோட்டம் கொண்டுவரலாம் என்று தஞ்சாவூரை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினார். பர்ன்ஹாமை மேலிருந்து பார்த்தவர் என்றால், கெடிஸைத் தெருவில் நடந்தவர் எனலாம். நகரத் திட்டம் பற்றி மேலும் படிக்க விரும்புகிறவர்கள் இந்த இருவரையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

இனி அந்தக் குவிமாடம். அது கட்டப்படவே இல்லை. ஆனால் அதை நோக்கி வரைந்த காங்கிரஸ் தெருவின் அச்சுக்கோடு மட்டும் சாகவில்லை. 1930-களின் தொடக்கத்தில் பிரம்மாண்டமான தபால் நிலையம் கட்டியபோது, பின்னால் வரப்போகும் சாலைக்காகக் கட்டடத்தின் அடியில் வழி விட்டே கட்டினார்கள். 1950-களில் சாலை வந்தது, பர்ன்ஹாம் நினைத்த மரங்கள் அடர்ந்த பெருவீதியாக அல்ல, விரைவுச்சாலையாக. வாகனங்கள் இன்றும் அந்தக் கட்டடத்தின் வயிற்றுக்குள் புகுந்து போகின்றன. குவிமாடம் எழ வேண்டிய இடத்தில் மூன்று விரைவுச்சாலைகள் பின்னிக்கொள்ளும் சந்திப்பு இருக்கிறது. 1960-களில் அதன் பக்கத்தில் இலினாய் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்கு நிலம் எடுத்தபோது, அங்கே குடியிருந்தவர்கள், பெரும்பாலும் பெண்களே முன்னின்று, மேயர் அலுவலகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள், நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். ஹல் ஹவுஸின் பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இரண்டை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை இடித்தார்கள்.